48 அடிச் சுவர்: மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் இரண்டு படங்கள்

எங்கள் குடியிருப்பின் கிழக்குப் பக்கக் காம்பவுண்டுச் சுவர் 48 அடி நீளம், 6 அடி உயரம். மாட வீதியிலிருந்து பொடிநடையாகப் போய்விடக்கூடிய தூரத்தில், இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஏதாவது ஒன்று பின்னால் போக வேண்டிய சந்து அது. மொத்தம் எட்டு வீடுகள். நான்கு வருடம் சங்கச் செயலாளராக இருந்தேன். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் என் தலையில் விழுந்த பதவி. தண்ணீர் மோட்டாருக்கும் கழிவுநீர் அடைப்புக்கும் அடுத்தபடியாக என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது இந்தச் சுவர்தான்.

இந்தச் சுவரில் ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை படம் வரைந்தோம். முதல் படம் 11 நாள் தாங்கியது. இரண்டாவது, சுவர் இருந்தவரைக்கும் இருந்தது. ஏன் என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"படம் வரைந்துவிட்டால் போஸ்டர் ஒட்ட மாட்டார்கள்" என்பது சென்னையில் எல்லாரும் நம்புகிற ஒரு விஷயம். மாநகராட்சியும் நம்பியது. 2009 வாக்கில் அண்ணா சாலை, காமராஜர் சாலைச் சுவர்களில் போஸ்டர் கூடாது என்று சொல்லி, கிழித்து, வெள்ளையடித்து, பரதநாட்டியமும் மாமல்லபுரமும் கிராமத்துக் காட்சிகளும் வரைய வைத்தார்கள். வரைந்தவர்களில் பலர் பழைய சினிமா பேனர் ஓவியர்கள். ஃப்ளெக்ஸ் வந்து அவர்கள் பிழைப்பு போயிருந்த நேரம். 2021க்குப் பிறகு சிங்காரச் சென்னை 2.0 என்ற பெயரில் மறுபடியும் அதே வேலை: சுரண்டல், வெள்ளை, ஓவியம். அப்படியென்றால் நாமும் செய்து பார்க்கலாமே என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் தோன்றியதில் வியப்பில்லை.

சுரண்டியபோது

2022 பிப்ரவரி 19இல் மாநகராட்சித் தேர்தல் முடிந்தது. அடுத்த வாரமே எங்கள் சுவர் முழுக்க நன்றி அறிவிப்புகள். ஜெயித்தவர் நன்றி சொன்னார், தோற்றவரும் சொன்னார். அதோடு பொறுமை போனது.

மார்ச் முதல் ஞாயிறு, பட்டி பார்க்கிற தகடும் ஒரு பக்கெட் தண்ணீருமாக இறங்கினோம். மேலே தேர்தல். அதற்குக் கீழே பெண்கள் விடுதி, மூலம் பௌத்திரம், "அறுவை சிகிச்சை இல்லாமல்". அதற்கும் கீழே ஒரு பூப்புனித நீராட்டு விழா, மாமன்மார் பெயர் மட்டும் இருபதுக்கு மேல். அப்புறம் யார் யாருக்கோ பிறந்தநாள். காகிதம் அட்டை மாதிரி கெட்டித்துப் போயிருந்தது. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் நாலு அடிக்குப் பாளமாகக் கழன்று வந்தது. இரண்டு கோணி நிரம்பியது. கீழடியில் குழி வெட்டுகிறவர்கள் ஞாபகம்தான் வந்தது எனக்கு.

கடைசி அடுக்கு காகிதம் இல்லை. சுண்ணாம்பின் மேல் நீலத்தில் ஒரு கட்சியின் பெயர், இரண்டு பக்கமும் அம்புக்குறி, நடுவில் ஆண்டு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று பொருள். யார் ஒதுக்கினார்கள்? சுவரின் சொந்தக்காரர்கள் இல்லை. ஆனால் அந்த அம்புக்குறியை எதிர்க்கட்சிக்காரர்கூட மதித்திருக்கிறார். பட்டா, பத்திரம் எதற்கும் கிடைக்காத மரியாதை.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. சுவர்க் கிறுக்கல், கிராஃபிட்டி என்று பேசும்போது நம் மனதில் வருவது வெளிநாட்டுப் பையன், முகமூடி, ஸ்ப்ரே டின், நள்ளிரவு. சென்னையில் அந்த மாதிரிப் பையன்களும் இருக்கிறார்கள்; மேம்பாலத் தூண்களில் அவர்கள் கையெழுத்தைப் பார்க்கலாம். ஆனால் அது இங்கே பெரிதாக வளரவில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே எல்லாச் சுவருக்கும் ஆள் இருந்தார்கள். அனுமதி கேட்காமல் சுவரில் எழுதுவது இங்கே கலகக்காரர்களின் வழக்கமாக இருந்ததைவிட கட்சிகளின், சினிமாவின், சாவு வீட்டின் வழக்கமாகத்தான் இருந்தது. 1953 ஜூலையில் டால்மியாபுரம் ரயில் நிலையப் பெயர்ப்பலகை மேல் "கல்லக்குடி" என்று காகிதம் ஒட்டியதை நினைத்துப் பாருங்கள். ஒட்டியவர் பிற்பாடு ஐந்து முறை முதல்வரானார். போஸ்டர் ஒட்டுவதை வெறும் அசிங்கம் என்று இந்த மாநிலத்தில் யாரும் முழு மனதோடு சொல்லிவிட முடியாது.

பொது இடத்தின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959லிருந்தே சட்டம் இருக்கிறது. தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தால் சுவரெல்லாம் வெள்ளையடிக்கப்படும், தலைவர்கள் சிலைகளுக்குத் துணி கட்டுவார்கள். தேர்தல் முடிந்த மறுநாள் துணி அவிழும், பசை வாளி வரும்.

கோலத்தைச் சேர்க்காமல் இந்த ஊரின் தெரு ஓவியத்தைப் பேசவும் முடியாது. ஜனவரியில் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும்போது தார் ரோடே தெரியாது. அனுமதி, அத்துமீறல் என்ற பேச்சே எழாத ஒரே தெரு ஓவியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2019 டிசம்பர் 29 அன்று அதுவும் மாறியது. குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று எழுதி பெசன்ட் நகரில் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் கோபாலபுரத்தில் கருணாநிதி வீடு உட்படப் பல வீட்டு வாசல்களில் அதே வாசகத்தோடு கோலம். அரிசிமாவு அதேதான், எழுதிய சொல்தான் வேறு.

முதல் படம்

இரண்டாவது மாடி மாமாவின் பேத்தி ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நண்பர்கள் நாலு பேரோடு வந்தாள். கூலி வேண்டாம், பெயின்ட்டும் மதியச் சாப்பாடும் போதும் என்றார்கள். வெளிச்சுவர் எமல்ஷன், பிரைமர், பிரஷ் எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் ஆனது.

என்ன வரைவது என்பதற்குத்தான் மூன்று கூட்டம். சாமிப் பட டைல்ஸ் பதித்துவிடலாம் என்று ஒரு கட்சி: பிள்ளையார், வேளாங்கண்ணி, மெக்கா மூன்றும் வரிசையாக. ஒன்றுக்குப் போகிறவர்களைத் தடுக்க ஊரெல்லாம் செய்கிற வைத்தியம். "குப்பைத் தொட்டி பக்கத்துல சாமியா?" என்று ஒரு மாமி கேட்டதும் அது விழுந்தது. கடைசியில் கோபுரம், தெப்பக்குளம், வாழை மரம், இரண்டு மயில் என்று முடிவானது. மயிலாப்பூர் ஆயிற்றே.

பிள்ளைகள் வரைந்த விதத்தைப் பார்க்க அழகாக இருந்தது. முதலில் சுவர் முழுக்கக் கன்னாபின்னா என்று எழுத்தும் சுழியுமாகக் கிறுக்கினார்கள். நான் பதறிப்போனேன். அப்புறம் அந்தக் கிறுக்கலைப் போனில் படம் எடுத்து, அதன் மேல் தங்கள் வரைபடத்தை வைத்து, எந்தச் சுழிக்குப் பக்கத்தில் கோபுரத்தின் எந்த நிலை வரும் என்று பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். பெரிய சுவர்களில் வரைகிறவர்கள் இன்று செய்வது இப்படித்தானாம். அளவுகோலே தேவையில்லை.

மூன்று நாளில் முடிந்தது. தெருவே வந்து பார்த்தது. பதினோராவது நாள் காலை தெப்பக்குளத்தின் நட்டநடுவில் ஒரு கண்ணீர் அஞ்சலி.

அடுத்த தெருப் பெரியவர். எங்களுக்கும் தெரிந்தவர்தான். அவர் படத்தை யார் கிழிப்பது? நான் போய் நின்றேன், திரும்பி வந்தேன். மாமாவும் அப்படியே. நாலைந்து நாளில் அதன் பக்கத்தில் வேறொரு அஞ்சலி. அதன் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியத்துக்கான அறிவிப்பு. ஒரு மாதத்தில் கோபுரத்தின் கலசமும் ஒரு மயிலின் தலையும்தான் மிச்சம். பேத்தி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஒட்டுகிறவர்

ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு அவரைப் பிடித்துவிட்டேன். டிவிஎஸ் எக்ஸ்எல், முன்னால் பசை வாளி, பின்னால் போஸ்டர் கட்டு. முப்பது வயதுக்குள் இருக்கும். சண்டை போடத்தான் இறங்கினேன், ஆனால் அவர் வண்டியை நிறுத்திவிட்டு, "சொல்லுங்க சார்" என்றார். எனக்குச் சண்டை வரவில்லை.

எண்ணிக்கைக்குத்தான் கூலி. விடிவதற்குள் கட்டு தீர வேண்டும். மைதாவைக் காய்ச்சி, அதில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவார்களாம். "இல்லன்னா மாடு தின்னுடும் சார்." புதுப் போஸ்டரைக் கிழித்து மென்றுகொண்டு நிற்கும் மாட்டை மயிலாப்பூரில் பார்க்காதவர் இருக்க முடியாது.

எங்கே ஒட்டலாம், எங்கே கூடாது என்பதற்கு அவரிடம் ஒரு முழுச் சட்டமே இருந்தது. அஞ்சலி போஸ்டர் மேல் காரியம் முடிகிறவரை ஒட்டக் கூடாது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எதுவானாலும் தலைவர் முகத்தின் மேல் கை வைக்கக் கூடாது. வைத்தால் மறுநாள் ஆள் தேடி வருவார்கள். சாமி மேல் கிடையாது. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினால் வாட்ச்மேனோடு வம்பு.

"எங்க படத்து மேல மட்டும் எப்படி ஒட்டினீங்க?"

"அது சீனரி தானே சார்."

அந்தப் பதிலில் இளக்காரம் எதுவும் இல்லை. அது ஆளில்லாத மனை என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

கண்ணகி நகர்

அந்த வருடக் கடைசியில் ஒரு வேலையாகத் துரைப்பாக்கம் போனவன், அப்படியே கண்ணகி நகருக்குள் போய்ப் பார்த்தேன். சென்னையில் சுவர் ஓவியம் என்றால் எல்லாரும் கை காட்டுகிற இடம். 2020இல் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு ஏஷியன் பெயின்ட்ஸ், மாநகராட்சி இவர்களோடு சேர்ந்து, அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் தரையிலிருந்து மொட்டை மாடி வரை ஓவியம் வரைய வைத்தது. உள்ளூர், வெளிமாநிலம், வெளிநாடு என்று பல ஊர் ஓவியர்கள். சென்னைக்காரரான ஏ-கில் வரைந்தது சிரிக்கிற இரண்டு சிறுமிகள். படத்துக்குக் கீழே நின்றால் பல்தான் தெரியும். தெருமுனைக்குப் போய்த் திரும்பினால்தான் அது சிரிப்பு என்று தெரியும்.

ஊர் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்தும் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்த இடம் அது. 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். வேலை செய்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு பஸ் தூரத்தில் வாழ்க்கை. அந்த விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று பலர் வேறு ஊர் பெயரைச் சொன்னது நெடுங்கால வழக்கம்.

அங்கே போஸ்டர் இல்லையா? இருந்தது. கீழ்ச் சுவர்களில், கடைப் பக்கம், நிறைய. ஆனால் நான் சுற்றிப் பார்த்த வரையில் அந்தச் சிறுமிகள் மேல் இல்லை. எட்டாத உயரம் என்று சொல்லலாம், ஆனால் கீழே ஆளுயரம் வரை இடம் இருக்கத்தான் செய்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் கேட்டேன். "பசங்க படம்ல, அது மேல எவன் ஒட்டுவான்" என்றார். அப்புறம் அவராகவே, "படம் பாக்க வர்றவங்க சுவத்தப் பாத்துட்டுப் போயிடுறாங்க, உள்ள வந்து ஒரு வாய் தண்ணி கேக்கறதில்ல" என்றார். நான் கேட்டுக் குடித்தேன். வேறென்ன செய்வது.

சுவரில் பெயின்ட் அடித்தால் ஊர் பெயர் மாறிவிடுமா என்ற கேள்விக்கு எனக்குச் சந்தேகம் உண்டு, இன்றும். படம் வந்த பிறகு புகைப்படக்காரர்கள் வந்தார்கள், செய்தி வந்தது, சரி. ஆனால் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் இருந்த பெண்ணை, "கண்ணகி நகர் கார்த்திகா" என்று ஊர் பெயரை முன்னால் வைத்து தமிழ்நாடே கூப்பிட்டதே, அதற்கு ஈடாக எந்த பெயின்ட்டையும் என்னால் சொல்ல முடியாது.

திரும்பும்போது இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையம். அதன் வெளிச்சுவரிலும் 2020இல் ஏ-கில்லும் கத்ரா என்ற ஓவியரும் சேர்ந்து வரைந்த முகங்கள், வரிசையாக. எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்பதற்காக வரைந்தது. யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று முகத்தைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது, அவ்வளவுதான் விஷயம். ஓ.எம்.ஆர். நெரிசலில் சிக்கி நிற்கிற ஒவ்வொருவரையும் அந்த முகங்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

எங்கள் சுவரில் கோபுரம் இருந்தது, குளம் இருந்தது, ஒரு முகம்கூட இல்லை என்பது எனக்கு அங்கே சிக்னலில்தான் உறைத்தது.

இரண்டாம் படம்

பழைய பேனர் ஓவியர் ஒருவர் எங்கள் பகுதியிலேயே இருந்தார். எழுபதைத் தாண்டியவர். எல்லாரும் ஆர்ட்டிஸ்ட் அய்யா என்பார்கள். அண்ணா சாலைத் தியேட்டர்களுக்குத் துணியில் முகம் எழுதியவர். இப்போது ஆட்டோவுக்கும் கடைக்கும் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "சீனரி வெறும் கலரு சார். மூஞ்சி வெச்சாத்தான் கண்ணு வரும். கண்ணு மேல பசை தடவ எவனுக்கும் கை வராது" என்றார்.

யார் முகம்? தலைவர்கள் வேண்டாம், அது ஒரு கட்சியைக் கூட்டி வரும். கடவுள் ஏற்கெனவே தோற்றாயிற்று. சந்து முனையில், எங்கள் சுவரை ஒட்டித்தான் இஸ்திரி வண்டி நிற்கும். இருபது வருடமாக அங்கே நிற்கிற அக்கா. எந்த வீட்டில் யாருக்கு இன்டர்வியூ, எந்த வீட்டில் சண்டை என்பது வரை சட்டையை வைத்தே சொல்லிவிடுவார். அய்யா அவரைக் கை காட்டினார்.

கூட்டத்தில் ஒருவர், "நம்ம காம்பவுண்ட் சுவத்துல இஸ்திரிக்காரம்மா படமா?" என்று கேட்டார். அவர் பெயரை எழுத மாட்டேன். ஆனால் அவர் சட்டையும் அந்த வண்டியில்தான் தேய்கிறது என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன். அவருக்கு மாமா சொன்ன பதில் இதைவிடச் சுருக்கமானது: "நீங்க தெனம் பத்து மணி நேரம் அங்க நில்லுங்கோ, உங்களைப் போடறோம்."

உண்மையான எதிர்ப்பு அக்காவிடமிருந்துதான் வந்தது. "செத்தவங்களத்தானே சார் செவுத்துல போடுவாங்க? நான் இன்னும் இருக்கேன்." இது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. நம் தெருவில் சாதாரண மனுஷர் ஒருவரின் முகம் சுவரில் பெரிதாக வந்தால் அது பெரும்பாலும் சாவுதான். இரண்டு நாள் பேச்சு ஓடியது. கடைசியில் அவரே நிபந்தனை போட்டார்: வேலை செய்கிற மாதிரி இருக்க வேண்டும், சிரிக்க வேண்டும், பொட்டு பெரிதாக இருக்க வேண்டும், மாலை கீலை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

2023 ஜனவரி, பொங்கல் முடிந்து வேலை தொடங்கியது. பிள்ளைகள் கிறுக்கினார்கள் என்றேனே, அய்யாவின் முறை நேர் எதிர். அக்காவின் போட்டோவில் பென்சிலால் சதுரம் சதுரமாகக் கோடு. ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி. நீலத்தில் தோய்த்த நூலை ஒரு முனையில் நான் பிடிக்க, மறுமுனையில் அவர் இழுத்துச் சுண்டினார். சுவரில் பட்டென்று ஒரு நேர்க்கோடு. 48 அடிக்கும் கட்டம் விழ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக நிரப்பினார். மூக்கு எங்கே முடிகிறது என்று அவர் பார்க்கவே இல்லை. 14ஆம் கட்டத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தார்.

கன்னத்தில் அவர் பச்சையைத் தொட்டபோது நான் வாய் திறந்துவிட்டேன். மாநிறத்து முகத்தில் பச்சையா? "எதிர்ப்பக்கம் போய் நில்லுங்க." போய் நின்றேன். பச்சை இல்லை. கரிப் பெட்டியின் அனல் ஒரு பக்கமும் மரத்தின் நிழல் ஒரு பக்கமும் விழுந்த கன்னம் மட்டும்தான் இருந்தது. கிட்ட வந்தால் மறுபடி பச்சை. பேனர் என்பது ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்காக எழுதுவது, பக்கத்தில் நிற்கிறவன் கணக்கிலேயே இல்லை என்றார்.

கண்ணைக் கடைசியில்தான் எழுதினார், ஆறாம் நாள் விடியற்காலையில், தெருவில் ஆள் வருவதற்குள். "சாமி இல்ல சார், பழக்கம்."

இன்னொன்று செய்தார். அப்போது எனக்குப் பிடிக்கவில்லை. இடது ஓரத்தில் நாலு அடி அகலத்தை வரையாமல் வெறும் வெள்ளையாக விட்டுவிட்டார். பணம் போதவில்லையா என்று கேட்டேன். "ஒட்டறவனும் பொழைக்கணும்ல. அவனுக்கு ஒரு எடம் விட்டாத்தான் மத்த எடத்த விடுவான்."

மொத்தச் செலவு 26,000 ரூபாய். வீட்டுக்கு 3,250.

இரண்டரை வருடம்

அந்த நாலு அடி ஒரே வாரத்தில் நிரம்பியது. அஞ்சலி, விடுதி, மூலம், பிறந்தநாள் எல்லாம் அங்கே ஒன்றன் மேல் ஒன்றாக ஏறின. மற்ற 44 அடியில் போஸ்டர் ஒன்றுகூட இல்லை. கரியால் ஒரு இதயமும் அம்பும் இரண்டு எழுத்தும் ஒரு தடவை வந்தது. அக்கா ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "யாருன்னு தெரியும், சொல்ல மாட்டேன்" என்றார்.

படத்தைக் கெடுத்தது போஸ்டர் இல்லை, தண்ணீர். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் சந்தில் இடுப்பளவு தேங்கியது. வடிந்த பிறகு சுவரில் ஒரு கோடு. அதற்குக் கீழே ஓதம் ஏறி, உப்புப் பூத்து, எமல்ஷன் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது. இஸ்திரிப் பெட்டியும் புடவையின் பாதியும் போய்விட்டன. முகம் கோட்டுக்கு மேலே தப்பியது. அய்யா சுவர் காயட்டும் என்று பிப்ரவரி வரை காத்திருந்து வந்து சரி செய்தார். 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். பெட்டியை முன்பைவிடப் பெரிதாகப் போட்டார். அக்காவுக்குப் பரம சந்தோஷம்.

2024 மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. இரண்டு நாளில் வெள்ளையடிக்கிற ஆட்கள் சந்துக்குள் வந்தார்கள். அக்காவின் புடவை கறுப்பு, கரை சிவப்பு. மேஸ்திரி சுவரைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், "இது எந்தக் கட்சித் தலைவி?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வண்டிக்குப் பின்னாலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். மேஸ்திரி சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, சிரித்து, தன் சட்டையைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு எவ்வளவு?" என்றார். நாலு அடி வெள்ளை மட்டும் இன்னும் கொஞ்சம் வெள்ளையானது.

அப்படியானால் படம் நின்றது எதனால்? முகத்தாலா, விட்டுக்கொடுத்த நாலு அடியாலா, அக்கா தினமும் பத்து மணி நேரம் அங்கேயே நின்றதாலா? மூன்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டோம். பிரித்துப் பார்க்க வழியில்லை. அய்யாவைக் கேட்டால் கண் என்பார். எனக்கென்னவோ நாலு அடி மேல்தான் சந்தேகம். முதல் படத்தில் நாங்கள் 48 அடியையும் எடுத்துக்கொண்டு, இனி இங்கே யாருக்கும் இடமில்லை என்று அறிவித்திருந்தோம். கோபுரம் வரைந்தாலும் அது ஒரு அம்புக்குறிதான். அதுவும் பின்னால் ஆள்பலம் இல்லாத அம்புக்குறி. ஆனால் ஒட்டுகிறவர் ராத்திரி ஒரு மணிக்கு வருவார், அந்த நேரத்தில் அக்கா அங்கே இருக்க மாட்டார், படம் மட்டும்தான் இருக்கும். அப்போதும் ஒட்டவில்லையே. அதனால் அய்யா சொன்னதையும் தள்ள முடியவில்லை.

பெரிய ஓவியத் திட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு இப்போது முதலில் தோன்றுவது, ஓரத்தில் யாருக்காவது இடம் விட்டிருக்கிறார்களா என்பதுதான். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்தைக் கறுப்பு வெள்ளைக் கட்டமாக மாற்றியபோது நானும் குடும்பத்தோடு போய் போட்டோ எடுத்தேன், மறுக்கவில்லை. பாலம் அழகாக இருந்தது. போட்டி ஆகஸ்ட் 9இல் முடிந்தது. பிற்பாடு பாலம் பழைய வெள்ளைக்குத் திரும்பியது. விருந்தாளிக்குப் போட்ட கோலம். அதற்கு அது போதும். தினமும் நாலு பேர் பசை வாளியோடு கடந்து போகிற சந்துச் சுவருக்கு அது போதாது.

2025

எட்டு வீட்டையும் இடித்துக் கட்ட ஒப்பந்தம் ஆனது. நாங்கள் பக்கத்துத் தெருக்களில் வாடகைக்குப் போனோம். ஜூலையில் சுவரை இடித்தார்கள். ஜேசிபிக்கு இருபது நிமிஷம். ஆர்ட்டிஸ்ட் அய்யாவுக்குச் சொல்லியிருந்தேன், வரவில்லை. "எத்தனையோ கட்-அவுட்டக் கழட்டிப் பலகையப் பிரிச்சுட்டுப் போயிருக்கேன் சார், இதுக்கு எதுக்கு வரணும்" என்றார். அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்ச்சந்துப் புங்கமரத்தடிக்குப் போய்விட்டார்.

சுவர் இருந்த இடத்தில் இப்போது நீலத் தகர ஷீட். ஒரு வாரம் வெறுமையாக இருந்தது.

மருந்துக் கடைக்குப் போய்விட்டு ராத்திரி வரும்போது அந்த எக்ஸ்எல் அங்கே நின்றது. அதே ஆள், கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை அடையாளம் தெரிந்தது.

"அந்த அக்கா எங்க சார்?"

எதிர்ச்சந்து, புங்கமரம் என்றேன்.

"நல்லா இருக்காங்கல்ல?"

"நல்லா இருக்காங்க."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு, வாளியில் கையை விட்டு, தகரத்தில் பசை தடவ ஆரம்பித்தார்.